பெற்றோல் கியூவில் கிடைத்த எண்: 73939133

வெள்ளவத்தையிலிருந்து:

2022 ஜூலை. இலக்கத் தகட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து பெற்றோல் குடுத்த காலம். காலி வீதியில் ஓட்டோவோடு இரண்டாம் இரவு. பின்னால் நின்ற கம்பஸ் பொடியன் ஒருத்தன் இறங்கி வந்தான்.

"அண்ணை, கடைசி இலக்கத்தில ஒரு வேடிக்கை இருக்கு, பாக்கிறீங்களோ?"

முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடித் தூசியில் விரலால் 73939133 என்று எழுதினான். முதன்மை எண்ணாம், ஒன்றாலும் தன்னாலும் மட்டும் மிச்சமில்லாமல் பிரிபடுகிறது. வலப்பக்கத்து 3ஐ உள்ளங்கையால் துடைச்சான். 7393913. "இதுவும்தான்." இன்னொன்று, 739391. இப்படியே 73939, 7393, 739, 73, கடைசியில் தனி 7. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நான் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவன். சொன்னவுடன் நம்புகிற சாதி இல்லை. எட்டு இலக்கத்தைச் சோதிக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை பிரிக்க வேணும், அது என்னால் ஏலாது. 739391ஐ எடுத்தேன். 860ஐ 860ஆல் பெருக்கினால் 739600, எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே உடைகிற எண்ணென்றால் ஒரு காரணியாவது 860க்குக் கீழே இருக்கவேணும், 859 வரை போனால் போதும்: 149 முதன்மை எண்கள். ஃபோன் கல்குலேட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். தசமம், தசமம், தசமம். விடியும்போதுதான் 859 வந்தது. அதுவும் தசமம்தான்.

"ஒன்பதாவது இலக்கம் ஒன்று சேர்க்கேலாதோ?" என்று கேட்டேன். "சேர்த்துப் பாருங்கோ" என்று சிரித்தான். இரட்டை இலக்கமும் 5உம் சரிவராது. 1 அல்லது 7 போட்டால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 39, 45, மூன்றால் பிரிபடும். 3உம் 9உம்தான் படுத்தின. நூறுக்குள் இருக்கிற முதன்மை எண் ஒன்றுக்கும் இரண்டும் மசியவில்லை, அதற்குள் ஃபோன் செத்துப்போச்சு. இரண்டுமே பெரிய காரணிகளால் உடைகிறவை என்று அவன்தான் சொன்னான். 0 முதல் 9 வரை போட்டு எழுதுகிற நம் வழக்கமான எண்முறையில் இந்த வகை எண்கள் மொத்தம் 83, பெரியது இதுதானாம். முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்று படித்த எனக்கு, இது இப்படி முட்டி நிற்கிறது இன்னும் சீரணிக்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ரியூஷன் வகுப்பில் இதைப் பலகையில் எழுதினேன். ஒரு பிள்ளை இடப்பக்கத்திலிருந்து அழிக்கத் தொடங்கிவிட்டது. போகப்போக 33 மிஞ்சும், அது 3 × 11, சரிவராது. ஆனால் பிள்ளையின் பிழை நல்ல பிழை. இடமிருந்து அழிக்கிற வகையில் மிகப் பெரியது 24 இலக்கம்: 357686312646216567629137. வலப்பக்கம் சேர்க்க 1, 3, 7, 9 மட்டும்தான். இடப்பக்கம் 1 முதல் 9 வரை எதையும் வைத்துப் பார்க்கலாம், கடைசி இலக்கம் மாறாதே. அதுதான் அவ்வளவு தூரம் ஓடுகிறது.

தெஹிவளையிலிருந்து:

இதை வாசித்த நாளிலிருந்து வாகன இலக்கங்களைப் பார்க்கிற வியாதி. என் பைக் 7394, பாருங்கோ, ஒன்றால் போச்சு. நேற்று பம்பலப்பிட்டி சந்தியில் சிவப்பு லைற்றில் முன்னால் நின்ற வேன் 7393. பின்னால் இருந்த மகளுக்குக் காட்ட முதல் பச்சை விழுந்திட்டுது.