குழியில் சுட்ட மண் வட்டம்: அடுப்பா, கொட்டிய மண்ணா?

தொல்லியல் மாணவி:
5க்கு 5 மீட்டர் குழியில் வட்டமாகச் சிவந்த மண் வந்திருக்கிறது, நடுவில் சாம்பல், அதன்மேல் கரித்துண்டுகள். கிழக்கு ஓரத்தை வேறொரு பள்ளம் வெட்டிப்போனது போலவும் தெரிகிறது. எல்லாவற்றையும் "லேயர் 3, சுட்ட மண்" என்று ஒரே வரியில் எழுதச் சொல்கிறார்கள். போதுமா?

கரணை:
போதாது. சிவந்த மண்ணுக்கு, சாம்பலுக்கு, கரிக்கு, வெட்டிய பள்ளத்துக்கு, அதை நிரப்பிய மண்ணுக்கு எனத் தனித்தனி எண் கொடுங்கள், எது எதன் மேல், எது எதை வெட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று காட்டும் ஹாரிஸ் மேட்ரிக்ஸ் வரைபடம் போடுவதே இதற்குத்தான். அப்புறம், முழுசாக எடுத்துவிடாதீர்கள், பாதியை மட்டும் தோண்டி, மீதிப் பாதியில் தெரியும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். அங்கேயே தீ எரிந்திருந்தால் மேலே கெட்டியாகச் சிவந்து, கீழே போகப்போக நிறம் மங்கி, சுடாத மண்ணோடு கலந்துவிடும். வேறு இடத்தில் சுட்டதைக் கொண்டுவந்து கொட்டியிருந்தால் கட்டிகள் தாறுமாறாகக் கிடக்கும், அடிக்கோடு கத்தியால் கீறியது போல இருக்கும்.

மண்வாசி:
சிவப்பாக இருப்பதெல்லாம் சுட்டதல்ல, இயற்கையான இரும்புக் கறையும் அப்படித்தான் இருக்கும். காற்றுப் படாமல் எரிந்த இடமோ சிவக்காமல் சாம்பல் நிறமாக, கருப்பாகவே நிற்கும். மண் நிறத்துக்கு எண் சொல்லும் முன்செல் அட்டையில் நிறம் பார்க்கும்போது மண் ஈரமா காய்ந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் எண் மாறும். கொடுமணல் போல இரும்பு உருக்கிய ஊராக இருந்தால் கசடு (உருக்கும்போது மிஞ்சும் கழிவு), உலைச்சுவர்த் துண்டுகளையும் தேடுங்கள். அவை இல்லாமல் "உலை" என்று எழுதவே கூடாது, இப்போதைக்கு "சுட்ட பரப்பு" என்றால் போதும்.

கரணை:
காலம் கணிக்கக் கரி எடுக்கும்போது கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள், எந்த எண்ணிலிருந்து எடுத்தது என்று அங்கேயே எழுதிவிடுங்கள். சுள்ளி, தானியம் கிடைத்தால் அதற்கே முதலிடம், பெரிய மரத்தின் உள்வைரம் தீ மூட்டிய காலத்தைவிடப் பழைய தேதி காட்டிவிடும்.

தொல்லியல் மாணவி:
சரி, பாதியாக எடுக்கிறோம். பாதியாகப் பிரிக்கும் கோடு எந்தத் திசையில் போடுவது?

மண்வாசி:
பள்ளம் கிழக்கில்தானே? கிழக்கு மேற்காகப் போடுங்கள், வட்டமும் அதை வெட்டிய இடமும் ஒரே வெட்டுமுகத்தில் வந்துவிடும். அதற்கு முன் மேலிருந்து வரைபடம், மட்டம் (உயர அளவு), புகைப்படம் மூன்றையும் முடித்துவிடுங்கள். படம் எடுக்கும்போது தார்ப்பாய் நிழல் முழுப் பரப்பிலும் விழட்டும், பாதி வெயில் பாதி நிழலில் சிவப்பு சரியாகத் தெரியாது.