வின்செஸ்டரின் தெருக்கள் ரோமர் போட்டவையா, ஆல்ஃபிரட் போட்டவையா?

பேட்டைவாசி:
அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரு காட்டன்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன். இங்கிலாந்தில் மேற்படிப்புப் படிக்கும் மகளைப் பார்க்கச் சென்ற ஆண்டு போயிருந்தபோது வின்செஸ்டரில் இரண்டு நாள் தங்கினோம். பெரிய தெரு மேற்கு வாசலிலிருந்து ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்க, அதன் இருபுறமும் சிறு தெருக்கள் நூல் பிடித்தாற்போல் பிரிகின்றன. எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவர் அவை ரோமர் போட்ட தெருக்கள் என்றார். மகளின் வகுப்புத் தோழர் ஒருவரோ ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்ஃபிரட் மன்னர் காலத்தவை என்று அடித்துச் சொன்னார். எது சரி? ரோமர் நகரம் இடையறாமல் வாழ்ந்து, அவர்களுக்குப் பின் வந்து குடியேறிய சாக்ஸன்களின் நகரமானதா?

மண்ணடுக்கு:
ஐயா, மதில் ரோமருடையது, தெருக்கள் சாக்ஸன்களுடையவை. பெல்கே என்ற பழங்குடியின் தலைநகராக ரோமர் வளர்த்த இவ்வூருக்கு வென்டா பெல்காரும் என்று பெயர். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் மண்கரையும், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் முகப்பில் கல்மதிலும் எழுந்து, ஏறத்தாழ 58 ஹெக்டேர் பரப்பை வளைத்துக்கொண்டன. தெருக்களும் ரோமருடையவை என்றே நெடுங்காலம் நம்பி வந்தார்கள். தொல்லியலாளர் மார்ட்டின் பிடில் தலைமையில் 1961 முதல் 1971 வரை நடந்த அகழாய்வுகள்தாம் அதை மாற்றின: ரோமர் தெருக்கள் இன்றைய தெருக்களுக்கு அடியில் இல்லை, வேறு தடத்தில், வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் கீழே கிடந்தன. இன்றைய தெருக்களின் மிகப் பழைய தளமோ ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறு சக்கிமுக்கிக் கற்களைப் பரப்பி இடித்து இறுக்கியது. வாசல்கள் மட்டும் ஏறக்குறைய பழைய இடங்களிலேயே நின்றதால் பெரிய தெரு ரோமர் தெருவை ஒட்டியே போகிறது. ஊரைக் காட்டியவர் அதைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடும்.

இடையில் என்ன நடந்தது என்றால், ஐந்தாம் நூற்றாண்டில் நகர வாழ்க்கை அற்றுப்போயிற்று. ஆயினும் இடத்தின் மதிப்பு போகவில்லை. தென் இங்கிலாந்தின் சாக்ஸன் அரசான வெஸெக்ஸின் மன்னர் சென்வால் 648 அளவில் மதிலுக்குள் ஒரு தேவாலயம் கட்டினார். அதே நூற்றாண்டில் அது ஆயரின் இருக்கையும் ஆயிற்று. தேவாலயமும் பெரிய மனிதர்கள் சிலரின் வளவுகளும் இருந்தன, ஆனால் சந்தையும் நெருக்கமான தெருக்களும் கொண்ட ஊர் என்று அதைச் சொல்ல முடியாது. பெயரைப் பாருங்கள்: வென்டாவின் திரிபோடு, ரோமர் கோட்டையைக் குறிக்க சாக்ஸன்கள் வழங்கிய 'செயாஸ்டர்' சேர்ந்து வின்டன்செயாஸ்டர் ஆகி, பின் வின்செஸ்டர் ஆனது. அவர்கள் கண்ணில் முதலில் பட்டது மதில்தான்.

ஹலசூர் வாசகி:
இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு கணக்கு. 860 அளவில் வைக்கிங்குகள் வின்செஸ்டரைத் தாக்கிச் சூறையாடினர். அதன் பின்னர் ஆல்ஃபிரடும் அவர் மகன் எட்வர்டும் வெஸெக்ஸ் முழுவதும் அரண்நகரங்களை அமைத்தார்கள். அவற்றின் பட்டியலான பர்கல் ஹைடேஜ் ஒவ்வொரு நகரின் காவலுக்கும் இத்தனை 'ஹைடு' நிலம் என்று ஒதுக்குகிறது. ஒரு ஹைடுக்கு ஓர் ஆள். ஒரு கோல் நீள மதிலுக்கு, அதாவது 16½ அடிக்கு, நான்கு ஆட்கள். வின்செஸ்டருக்கு 2,400 ஹைடு. நான்கால் வகுத்தால் 600 கோல், அதாவது 9,900 அடி. மதிலை அளந்து பார்த்தாலோ 9,954 அடி! வித்தியாசம் நம் மாநகரப் பேருந்து ஒன்றின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். எழுநூறு ஆண்டுப் பழைய மதிலைச் சுற்றிலும் அளந்து, அதற்கேற்ப ஆட்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். மதிலின் உட்புறத்தை ஒட்டியே ஒரு தெரு சுற்றி ஓடியதும் ஆட்கள் எந்தப் பக்கத்துக்கும் விரைந்து போவதற்காகத்தான்.

மண்ணடுக்கு:
அழகான கணக்குத்தான் அம்மா, ஆனால் எல்லா ஊருக்கும் பொருந்தாது. அதே பட்டியலில் உள்ள எக்ஸிட்டர் என்ற நகருக்குத் தருவது 734 ஹைடு. அது 930 மீட்டருக்குக்கூடக் காணாது. அங்குள்ள ரோமர் மதிலோ இரண்டு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே ஹைடு எண்ணை மட்டும் வைத்து ஒரு நகரின் அளவை முடிவு செய்வது ஆபத்து.

பேட்டைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் பேட்டையில் கதை தலைகீழ்: கெம்பே கவுடா காலத்துச் சிக்கபேட்டையும் தொட்டபேட்டையும் குறுக்கிடும் இடத்தில் இன்றும் மூட்டை சுமப்பவர்களுக்கு வழிவிட்டுத்தான் நடக்கிறேன், பேட்டையைச் சுற்றியிருந்த மண்மதிலும் அகழியும்தான் போன இடம் தெரியவில்லை. வின்செஸ்டரில் ரோமர் கல்லைக் கண்ணால் பார்க்க முடியுமா?

மண்ணடுக்கு:
முடியும். வெளியே தெரிகிற மதிலில் பெரும்பகுதி இடைக்காலத்தில் எடுத்துக் கட்டியது. ஆனால் இட்சென் ஆற்றங்கரை நடைபாதையில், கம்பித் தடுப்புக்குப் பின்னால், ரோமர் மதிலின் சிறு துண்டு ஒன்று இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும். பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள்.