மறு: மின்சாரம் பாய்ந்தும் சுழலாத மோட்டார் – 'முடக்கமா', 'திணறலா'?

குழுவினருக்கு வணக்கம்.

வாகனப் பழுதுநீக்கக் கையேட்டின் நான்காம் இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். பின்சக்கரக் காலிப்பரில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பொருத்தப்பட்ட மின் பார்க்கிங் பிரேக்கின் மோட்டார், மின்சாரம் பாய்ந்தும் சுழலாமல் நிற்பதை எப்படிக் குறிப்பது? கம்பி அறுந்ததால் சுழலாத மோட்டாரையும் இதையும் பணிமனையில் 'மோட்டார் போச்சு' என்று ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். முன்னதில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் சுழியம் காட்டும். பின்னதில் எண் எகிறும். மாணவர் எங்கே கைவைக்க வேண்டும் என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இப்போதைக்கு 'முடக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

—

அன்புடையீர், 'முடக்கம்' பொருந்தாது. முடங்கியது என்றால் உயிரற்றுக் கிடப்பதாகவே படிப்பவர் கொள்வார். திண், திணி, திணர், திணறு ஆகியவற்றை ஒரு வேரின் கிளைகளாகவே நான் காண்கிறேன்; செறிவு மிகுந்து இயக்கம் தடைப்படுவதே திணறல் ஆதலின், மின்னோட்டம் மிகுந்து சுழற்சி நிற்பதற்கு அதுவே தகும். 'மின்னோடி' இருக்க 'மோட்டார்' எதற்கு என்பதையும் கேட்டு வைக்கிறேன்.

—

வேராய்ச்சிக்கு நன்றி. 'ஓடாத மின்னோடி' என்று தலைப்பிட மட்டும் எனக்குத் துணிவில்லை.

திணறலில் உள்ள இடர்ப்பாடு வேறு. பிரேக்கைப் போடும்போது மின்னோட்டம் தொடக்கத்தில் ஒரு கணம் எகிறி, உராய்வுக் கட்டையான பேட் டிஸ்க்கைத் தொடும்வரை தாழ்ந்திருந்து, தொட்டபின் மீண்டும் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைக் கண்டே கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைத் துண்டிக்கிறது, மோட்டார் சுழற்றும் திருகின் மரை தானாகப் பின்வாங்காதது ஆகையால் பிடி நிலைக்கிறது. ஆக, முடிவில் வரும் திணறல் நலத்தின் அறிகுறி. பற்சக்கரம் தேய்ந்த மோட்டாரோ சத்தமிட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும், மின்னோட்டம் ஏறவே ஏறாது. அங்கே திணறாமைதான் பழுது! விடுவிக்கும்போது எகிறிய எண் இறங்காமல் நின்றால் மட்டுமே திணறல் பழுதாகிறது.

—

இதற்கு நன்னூலிலேயே விடை இருக்கிறதே! வழுவாயினும் காரணம் கருதி ஏற்பது வழுவமைதி. போடும்போது வருவதை 'அமைதித் திணறல்' என்றும் விடுவிக்கும்போது வருவதை 'வழுத் திணறல்' என்றும் பிரித்துவிடலாம்.

—

படித்து மகிழ்ந்தேன், ஆனால் 'அமைதித் திணறல்' என்றால் ஓசையில்லாத திணறல் என்றே மாணவர் எழுதுவார். பணிமனையில் புழங்கும் 'இறுகல்' என்பதற்கு இதுவரை ஐவர் இசைந்திருக்கிறார்கள். 'போடுகையில் இறுகல் இயல்பு, விடுகையில் இறுகல் பழுது' என்று எழுதி அனுப்பவிருக்கிறேன்.

—

அனுப்புங்கள், ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். காலிப்பரிலிருந்து கழற்றி மின்சாரம் கொடுத்தால் அந்த மோட்டார் பல வேளைகளில் நன்றாகவே சுழலும்; இறுகியிருப்பது உள்ளே பேடைத் தள்ளும் துருப்பிடித்த பிஸ்டன். பிஸ்டனின் இறுகலை மோட்டாரின் பெயரில் எழுதினால், நல்ல மோட்டாரை மாற்றவே மாணவர் கற்றுக்கொள்வார்.