பொருள்: ‘புஞ்ஞாத்தோ’வுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்கான பாடக்குறிப்பில் ஃபிளாரன்ஸ் மெதிச்சி மாளிகைக்குப் படவிளக்கம் எழுதுகிறேன். வங்கியாளர் கோசிமோ மெதிச்சிக்காகக் கட்டடக்கலைஞர் மிக்கெலோட்சோ 1444இல் தொடங்கிய மாளிகை. தரைத்தளக் கற்களின் முகம் முரடாகத் துருத்தி நிற்கும், மூட்டுகள் உள்வாங்கியிருக்கும். இத்தாலியர் இதை ‘புஞ்ஞாத்தோ’ என்பார்கள். ‘புடைப்புக்கல்’ என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, சரிதானா?

---

புடைப்பு வேண்டாம். ‘புடைப்புச் சிற்பம்’ நிலைத்துவிட்டது. மாணவர்கள் சுவரில் உருவம் தேடுவார்கள். ‘கரட்டுக்கல்’ போதும். கொத்தனாருக்கும் புரியும்.

---

ஐயா, கரடு தரைத்தளத்தோடு முடிந்துவிடுகிறதே! நடுத்தளத்தில் கல்முகம் சமமானது, மூட்டில் மட்டும் பள்ளம் ஓடும். அதுவும் புஞ்ஞாத்தோதான். மேல்தளத்தில்தான் பள்ளமும் மறைந்து சுவர் வழவழப்பாகிறது. ஆகவே சொல் பிடிக்கவேண்டியது விளிம்பை. கல்தச்சர் முதலில் முகத்தின் நான்கு ஓரத்தையும் உளியால் நேராக்குவார். நடுவை அப்படியே விடலாம். ஓரம்தான் அளவு. அது கோணினால் படுகையும், அதாவது மேற்கல் உட்காரும் பரப்பும், கோணும். மேற்கல் இரண்டொரு முனையில் மட்டும் உட்கார, பாரம் அங்கே இறங்கி ஓரம் தெறிக்கும். உளிவேலைக்கு நம்மிடம் ‘பொளிதல்’ இருக்கிறது, அம்மி பொளிகிறோமே! பொள், பொள்ளல், பொளி எல்லாம் ஒரே வேர். குறளின் ‘பொள்ளென’வும் அதுவே என்பேன். என் பரிந்துரை ‘பொளிகல்’.

---

குறளில் ‘பொள்ளென’ விரைவுக்குறிப்பு. உளிக்கும் அதற்கும் உறவில்லை. அம்மியில் பொளிவதும் முகத்தைத்தான், ஓரத்தை அல்ல. உங்கள் விளக்கமே உங்கள் சொல்லுக்கு எதிர்.

‘கல்’லும் நிற்காது. ரோமில் பிரமாந்தே கட்டிய, இன்று இல்லாத கப்ரீனி மாளிகையின் தரைத்தளம் செங்கல்மேல் சுதைப்பூச்சாக இருந்தது. ‘மூட்டு’ என்றாலும் சிக்கல்: அல்பெர்த்தி வடிவமைத்த ருச்செல்லாய் மாளிகை முகப்பில் பல கோடுகள் கல்மேல் கீறியவை, உண்மை மூட்டு வேறிடத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘பள்ளவரி முகப்பு’ எனலாம்.

---

பள்ளவரி என்றால் படிக்கிறவருக்கு ஏதோ வரிவசூல் போலத் தோன்றும். கரட்டுக்கல்லே என் வாக்கு.

---

எல்லாருக்கும் நன்றி. பெரும்பாலோர் கரட்டுக்கல் என்பதால் தரைத்தளத்துக்கு அதையே இடுகிறேன். நடுத்தளத்துக்குச் சொல்லில்லை, ‘மூட்டில் பள்ளமிட்ட கல்’ என்று விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

---

ஏற்கமாட்டேன். கீழிருந்து மேலே கல் படிப்படியாக மென்மையாவதுதான் அந்த முகப்பின் உயிர். இரண்டு தளத்துக்கும் ஒரே அடிச்சொல் இருந்தால்தான் மாணவர் கண்ணில் அது படும்: கரட்டுப்பொளி, சமப்பொளி. அடுத்த பதிப்பிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.