பழைய புத்தகத்தில் சொந்தக்காரர் பெயரைப் படிக்க வழி?

உ.வே.சா. 1887-இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியின் முதல் பதிப்பு ஒன்று தாத்தா பெட்டியில் கிடைத்தது. முன்தாளில் 'விரோதி வருஷம் ஆடி மாதம்' என்று எழுதி, கீழே சொந்தக்காரர் பெயர். மை வெளுத்து 'பிள்ளை' மட்டும்தான் தெரிகிறது. விரோதி 1889-லும் வந்தது, 1949-லும் வந்தது. பழுப்பு மையைப் பார்த்தால் முந்தையது என்றே எனக்குப் படுகிறது. ஓரமெல்லாம் பென்சிலில் பொருள் எழுதி, ஓரிடத்தில் உரையோடு சண்டையே போட்டிருக்கிறார் மனிதர்! யாரென்று தெரியாமல் தூக்கம் வரவில்லை.

இரண்டு மாதமாகப் பூதக்கண்ணாடி, சாய்வாக டார்ச் வெளிச்சம், போனில் படமெடுத்து நிறத்தை மாற்றிப் பார்ப்பது எல்லாம் செய்தாயிற்று. தாள் தொட்டாலே உதிர்கிறது, ஸ்கேனரில் வைக்கப் பயம். இருப்பது மதுரை.

புற ஊதா டார்ச் அடித்தால், தாளுக்குக் கேடில்லாமல் இந்த எழுத்து தெரியுமா?