டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன்

பழைய பேக்கப் சிடி படிக்கவில்லை என்றால் டிரைவில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எழுத்துப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். ஊசி குத்தினாற்போல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடங்களில் உலோகப் பூச்சு போய்விட்டது, அங்கே இருந்த தரவு திரும்பாது. புள்ளி இல்லையென்றால் நம்பிக்கை நிறைய உண்டு.

சிடியின் 1.2 மில்லிமீட்டர் கனமும் அடிப்பக்கத்து பிளாஸ்டிக்தான். தரவைத் தாங்கும் சாயமும் உலோகமும் மேலே, ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கின்றன. அதனால் அடியில் விழும் கீறலைவிட மேலே பால்பாயின்ட் பேனாவால் எழுதியது ஆபத்து. ஒட்டிய லேபிளை உரித்தால் உலோகமும் கூடவே வந்துவிடும், அப்படியே விடுங்கள். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தில் வைத்த டிஸ்க்கில் பூஞ்சை படர்வதும், உறை ஒட்டிக்கொள்வதும் இங்கே சாதாரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தரவு எழுதிய தடம் வட்டமாக ஓடுவதால் அந்தத் திசையில் விழும் கீறல் தொடர்ச்சியாகத் தரவைத் தின்னும். சிடியின் பிழைதிருத்தம் தடத்தின் வழியே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரைதான் தாங்கும். பற்பசை போட்டுத் தேய்க்கும் யோசனையை மறந்துவிடுங்கள்.

*

மேலே சொன்னதோடு டிரைவையும் சந்தேகப்படுங்கள். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒரே டிரைவில் ஒன்று மங்கி இன்னொன்று நன்றாக வேலை செய்யலாம். டிவிடி படம் ஓடுகிறது, சிடி மட்டும் படிக்கவில்லை என்றால் குறை டிரைவில் இருக்க வாய்ப்பு அதிகம். மெலிந்த யூஎஸ்பி டிரைவை தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பில் (பல யூஎஸ்பி கருவிகளைச் செருகும் பெட்டியில்) செருகினால், சுற்றத் தொடங்கும்போது மின்சாரம் போதாமல் வரும் பிழை டிஸ்க் பிழை போலவே தெரியும். கணினியிலேயே நேராகச் செருகுங்கள். ஏர்கான் அறையில் குளிர்ந்த டிரைவை வெளி அறைக்கு எடுத்துவந்து உடனே போட்டால் லென்ஸில் நீர்த்திவலை படியும். ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் பழைய உள்பொருத்து டிவிடி டிரைவ் கிடைத்தால் வாங்கி வைப்பது நல்லது. அதை யூஎஸ்பி அடாப்டரில் மாட்டும்போது 12 வோல்ட் மின்சாரமும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுப்பது. கோப்புகளை இழுத்து காப்பி செய்யாதீர்கள். விண்டோஸ் ஒரு கெட்ட செக்டரில் (டிஸ்க்கின் சிறு தரவுத் துண்டில்) மாட்டிக்கொண்டு அதையே சுரண்டிக்கொண்டிருக்கும். லினக்ஸ் யூஎஸ்பியில் துவக்கி பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரலை ஓட்டுங்கள். செக்டர் அளவு 2048 பைட், முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விடும் நோ-ஸ்க்ரேப் தெரிவு, எது படிக்கப்பட்டது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு கட்டாயம். நல்ல இடங்களெல்லாம் முதலில் கைக்கு வந்துவிடும். இரண்டாம் ஓட்டத்தில் நேரடி வாசிப்பும் மூன்று மறுமுயற்சியும் கொடுங்கள். மிச்சம் இருந்தால் டிஸ்க்கை வேறு டிரைவுக்கு மாற்றி, அதே இமேஜ், அதே மேப் கோப்போடு தொடருங்கள். முதல் டிரைவுக்கு வராத இடங்களை மட்டும் இரண்டாவது தேடும். பல டிஸ்க்குகளில் ஓட்டை அடைபடுவது இந்த இடத்தில்தான்.

டிவிடியில் 16 செக்டர்கள் சேர்ந்து ஒரு பிழைதிருத்தப் பொதி. அது தோற்றால் 32 கேபி மொத்தமாகப் போகும். ஒரு ஜேபெக் படத்தின் நடுவே அது விழுந்தால் மேல்பாதி சரியாகவும், கீழே சாம்பல் நிறமாகவோ நிறம் பிறழ்ந்தோ தெரியும். படம் முழுதும் போனதாக எண்ணி அழித்துவிடாதீர்கள்.

*

இமேஜ் கிடைத்தும் கோப்பு தெரியவில்லையா? டிஸ்க்கின் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். தரவு எழுதிய பகுதி சற்று அடர்ந்த வளையமாகத் தெரியும். வளையம் பாதி டிஸ்க் வரை இருந்து, கணினி 40 எம்பி மட்டும் காட்டினால், பழைய செஷனை (ஒரு தடவையில் எழுதிய பகுதியை) இணைக்காமல் புதிய செஷன் எழுதியிருக்கிறார்கள். ஐசோபஸ்டர் என்ற மீட்பு நிரல் ஒவ்வொரு செஷனையும் தனியாகக் காட்டும். டிஸ்க் காலி என்று சொன்னால் செஷன் மூடப்படாமல் இருக்கலாம். எழுதிய அதே டிரைவ் இருந்தால் அதில் முயலுங்கள். மூட வேண்டும் என்று மென்பொருள் கேட்டால் இமேஜ் எடுக்கும் வரை சம்மதிக்காதீர்கள், அது டிஸ்க்கில் எழுதும் வேலை.

விண்டோஸ் 7 பேக்கப் என்றால் உள்ளே 200 எம்பி வரை அளவுள்ள ஜிப் கோப்புகள் அடுக்கடுக்காக இருக்கும். ரெஸ்டோர் நிரல் கேடலாக் (பேக்கப்பின் பட்டியல்) இல்லையென்று மறுத்தாலும் ஜிப்பை நேராகத் திறக்கலாம். ஜிப்பின் பட்டியல் அதன் கடைசியில் இருக்கிறது. வால் பகுதி கெட்டால் முழுதும் கெட்டது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் தனித் தலைப்பு உண்டு, அதை வைத்துப் பழுதுபார்க்கும் கருவிகள் மீட்டுத் தரும். டிஸ்க்கின் கோப்புப் பட்டியலே இல்லையென்றால், கோப்புகளை அவற்றின் உள்ளடக்கத்தை வைத்துத் தேடும் ஃபோட்டோரெக் நிரலை இமேஜ் மேல் ஓட்டுங்கள். கோப்புப் பெயர்களும் ஃபோல்டர் அடுக்கும் போய்விடும்.

*

ஒன்றைச் சேர்க்கிறேன், நம்மவர்கள் பலர் இங்கே ஏமாறுகிறார்கள். மீட்ட தமிழ்க் கடிதம் ரோமன் எழுத்துகளும் கொம்பு வைத்த குறிகளுமாகத் திறந்தால் அது பெரும்பாலும் கெட்டுப்போன கோப்பு அல்ல. எல்லாருக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவும் முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு இருந்தது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டிலும் இந்தக் குழப்பம் பேசப்பட்டது. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் கணியன், முரசு அஞ்சல், பின்னால் வந்த டிஸ்கி, டாப் என்று பல. பாதித் திரை குப்பையாகவும் பாதி ஒழுங்காகவும் இருந்தால்தான் செக்டர் இழப்பு. பக்கம் முழுக்க ஒரே மாதிரிக் குப்பை என்றால் எழுத்துருவைக் கண்டுபிடியுங்கள். வேர்ட் ஆவணமாக இருந்தால் எழுத்துருப் பெட்டியில் பழைய பெயர் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து, பழைய குறியீட்டை யூனிகோடாக மாற்றும் என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் அதற்குரிய குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆங்கிலம் கலந்த பத்திகளை விலக்கிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சில குறியீடுகளில் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகிக் குழம்பும்.