வருமானத்தை 70-30ன்னு பிரிக்க ஒத்துக்கிட்டும் ஃபியூரி–உசிக் ஹெவிவெயிட் குத்துச்சண்டை 2023ல ஏன் நடக்கல?

நாலாவது_ரவுண்டு:
2023 மார்ச்ல ஃபியூரி தனக்கு 70, உசிக்குக்கு 30ன்னு அடம்பிடிச்சார். உசிக் சரின்னுட்டார், உக்ரைனுக்கு ஃபியூரி 10 லட்சம் பவுண்டு கொடுக்கணும்னு மட்டும் ஒரு நிபந்தனை. ஏப்ரல் 29, வெம்பிளின்னு நாளும் இடமும் பேசியாச்சு. அப்படியும் மார்ச் 22ல பேச்சு முறிஞ்சுது. பங்குத் தகராறே தீர்ந்தபிறகு முட்டிக்க என்ன மிச்சம்? பேசாம 2022 ஃபியூரி–வைட் சண்டை மாதிரி பர்ஸ் பிட்டுக்கு (சண்டையை யார் நடத்துறதுன்னு ப்ரமோட்டர்கள் போடுற ஏலம்) விட்டிருக்கலாமே?

கயிற்றோரம்:
பங்கு பேசினது ஒரு சண்டைக்கு. கையெழுத்துப் போட வேண்டியது ரெண்டு சண்டைக்கு. முட்டினது ரீமேட்ச் கிளாஸ்ல, அதாவது மறு சண்டை பத்தின ஒப்பந்த விதியில. 30 வாங்கிட்டு ஜெயிக்கிறவர் நாலு பெல்ட்டையும் தோள்ல போட்டுக்கிட்டு மறுபடி 30க்கு வருவாரா? தோத்தவர் 70ஐ லேசுல விடுவாரா?

"தோத்தவருக்கு மறு சண்டை உண்டு"ன்னு ஒரு வரி எழுதினா பத்தாது. உரிமை ரெண்டு பேருக்குமா, ஒருத்தருக்கா? சண்டை முடிஞ்சு எத்தனை நாளுக்குள்ள எழுத்துல கேக்கணும்? எந்தத் தேதிக்குள்ள நடத்தணும்? நடுவுல வேற ஆளோட மோதலாமா? காயமோ ஊரடங்கோ வந்து நாள் தள்ளினா கெடுவும் கூடவே தள்ளுமா?

அந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் கவுக்கும். 2020 பிப்ரவரி 22ல ஃபியூரிகிட்ட தோத்ததும் அமெரிக்க வீரர் வைல்டர் மூணாவது சண்டை கேட்டார். கொரோனாவுல நாள் தள்ளிக்கிட்டே போச்சு. கெடு தாண்டிடுச்சு, இனி கட்டுப்பாடு இல்லைன்னு சொல்லி ஃபியூரி தரப்பு இன்னொரு பிரிட்டிஷ் ஹெவிவெயிட்டான ஜோஷுவா பக்கம் திரும்பிச்சு. வைல்டர் ஆர்பிட்ரேஷனுக்கு (கோர்ட்டுக்கு வெளியே ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கிற வழி) போனார். 2021 மே 16ல ஃபியூரி "ஆகஸ்ட் 14, சவுதி"ன்னு வீடியோ போட்டார். மறுநாளே ஆர்பிட்ரேட்டர் டேனியல் வைன்ஸ்டீன் தீர்ப்பு: செப்டம்பர் 15க்குள்ள வைல்டரோடதான் மோதணும். ஜோஷுவா சண்டை அதோட காலி. ஜூலை 24ன்னு குறிச்சாங்க, ஃபியூரிக்கு கோவிட் வந்துடுச்சு, கடைசியில அக்டோபர் 9ல லாஸ் வேகாஸ்ல நடந்தது.

பெல்_அடிச்சாச்சு:
பர்ஸ் பிட் விஷயம் நான் சொல்றேன். பட்டம் கொடுக்கிற ஒரு அமைப்பு தன் சாம்பியனை மேண்டட்டரி சேலஞ்சரோட (கட்டாயம் மோத வேண்டிய அடுத்த ஆள்) மோதச் சொல்லி, ரெண்டு தரப்பும் கெடுவுக்குள்ள பேசி முடிக்கலைன்னாதான் ஏலம். அப்ப ஃபியூரிகிட்ட டபிள்யூபிசி பட்டம், உசிக்கிட்ட டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ பட்டங்கள்; நாலும் தனித்தனி அமைப்பு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி மேண்டட்டரி வரிசை. இதுல யார் ஏலம் போடறது?

வைட் கணக்கைப் பாருங்க. டபிள்யூபிசி 80-20ன்னு முன்னாடியே தீர்மானிச்சிடுச்சு. 2022 ஜனவரி 28 ஏலத்துல ஃபியூரியோட ப்ரமோட்டர் ஃபிராங்க் வாரன் 4,10,25,000 டாலர் போட்டார். வைட்டோட ப்ரமோட்டர் எட்டி ஹெர்ன் 3,22,22,222. ஜெயிச்ச தொகையில 10 சதவீதத்தை (41,02,500) வெற்றியாளர் போனஸா ஒதுக்கி வைப்பாங்க. மிச்சம் 3,69,22,500. அதுல 80 சதவீதம் ஃபியூரிக்கு 2,95,38,000, வைட்டுக்கு 73,84,500. பல பேர் 4.1 கோடிக்கு நேரா 20 சதவீதம் போட்டு 82 லட்சம்னு எழுதினாங்க, தப்பு.

ஏலத்துல தொகை உறுதி. டிக்கெட் வித்தாலும் விக்காட்டாலும் நஷ்டம் ப்ரமோட்டருக்கு. பேசி முடிக்கிற ஒப்பந்தத்துல அப்படியில்ல. 70ன்னா எதுல 70? மொத்த வசூல்லயா, செலவு போக மிச்சத்துலயா? மைதான வாடகை, அண்டர்கார்டு (முன்னாடி நடக்கிற துணைச் சண்டைகள்) வீரர்களுக்கான பணம், விளம்பரம் எல்லாம் மேல கழிச்சுட்டா 30க்காரர் பங்கு சத்தமில்லாம சுருங்கும். "நிகர" என்ற ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதவே வக்கீல்கள் வாரக்கணக்கா இழுப்பாங்க. செலவுக்கு மேல்வரம்பு போடாம, கணக்கைத் தணிக்கை பண்ற உரிமை இல்லாம சதவீதத்துக்குக் கையெழுத்துப் போடுறது முட்டாள்தனம்.

நாலாவது_ரவுண்டு:
புரியுது. அப்ப 2024ல மட்டும் எப்படி முடிஞ்சுது?

கயிற்றோரம்:
சவுதி காசு. வெம்பிளி வசூலை எப்படிப் பிரிக்கிறதுங்கிற பேச்சே மாறிப்போச்சு. ரீமேட்சும் ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்துடுச்சு. முதல்ல பிப்ரவரி 17ன்னு வெச்சாங்க. பயிற்சியில ஃபியூரிக்குக் கண்ணுக்கு மேல வெட்டு விழுந்து மே 18க்குத் தள்ளினாங்க. ரியாத்ல உசிக் ஸ்ப்ளிட் டிசிஷன்ல (மூணு ஜட்ஜ்ல ரெண்டு பேர் இவருக்கு) ஜெயிச்சார். ரெண்டாவது டிசம்பர் 21, அதுவும் அவருக்கே.

பெல்_அடிச்சாச்சு:
ஆனா அந்த ரீமேட்ச் கிளாஸே உசிக்குக்கு ஒரு பெல்ட்டைக் காலி பண்ணிச்சு, அதையும் சேர்த்துக்குங்க. ப்ரமோட்டரோட போட்ட ஒப்பந்தம் ஐபிஎஃப்பைக் கட்டுப்படுத்தாது. அவங்க விதிப்படி அடுத்து மேண்டட்டரி பிரிட்டிஷ் வீரர் டுபுவா. உசிக் ஃபியூரியோட மறுபடி மோதக் கட்டுப்பட்டிருந்ததால ஜூன் மாசமே ஐபிஎஃப் பட்டத்தை விட்டுட்டார். டுபுவா முழுச் சாம்பியன் ஆகி, செப்டம்பர் 21ல வெம்பிளியில ஜோஷுவாவை நாக் அவுட் பண்ணித் தக்கவெச்சுக்கிட்டார். டிசம்பர் ரீமேட்ச்ல வெச்சு மோதினது மூணு பெல்ட்டுக்குத்தான்.